உமி விழாத அடுக்களை

என் கணவர் அரிசி ஆலை மிஷின்களைப் பழுது பார்ப்பவர். சேரன்மகாதேவியில் இருந்து அம்பாசமுத்திரம் வரை ஆற்றின் இரண்டு கரையிலும் எந்த ஆலையில் உமி நீக்குகிற மிஷின் மக்கர் செய்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே, "ரப்பர் ரோலர் தேஞ்சு போச்சு" என்றோ "பெல்ட் சறுக்குது" என்றோ சொல்லிவிடுவார். அறுப்புக் காலத்தில் ஒரு ஆலைக்குப் போனால் மூன்று நாள், நான்கு நாள் அங்கேயே தங்கல். சாப்பாடு பக்கத்து ஹோட்டலில். காரமும் புளிப்பும் நேரங்கெட்ட நேரமுமாக இருபது வருஷம் ஓடியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். இரைப்பையில் புண் முற்றி ஓட்டை விழுந்திருந்தது. பாளையங்கோட்டையில் ஆபரேஷன் செய்து இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே மூணு வேளைச் சாப்பாடு கிடையாதும்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ, கைப்பிடி அளவு. அப்பப்ப செஞ்சது, குழைவா, காரம் இல்லாம. சாப்பிட்ட கொஞ்ச நேரம் கழிச்சு சில சமயம் வேர்த்து, படபடன்னு வரும். அப்ப வாயில இனிப்பு போடணும். சர்க்கரை எப்பவும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும்."

மூன்று மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஜாக்கெட் தைப்பேன். தையல் மிஷினுக்கும் அடுப்புக்கும் நடுவே என் பகல் போய்விடும். அவருக்குப் பகல் போகவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்பார். "அந்த ஆட்டோவுக்கு சைலன்சர் போச்சு" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்வார். ஆலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "எப்ப வாரீய அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். அவர் சிரிப்பார். அவர்கள் போனபிறகு அன்றைக்குக் கஞ்சி இறங்காது.

மாசி மாதம் பிசானப் பருவ நெல் அறுப்பு தொடங்கப்போகிற நேரத்தில்தான் நான் அதைச் சொன்னேன். வாசலில் அவருடைய பழைய வேன் மூன்று மாதமாக நின்றுகொண்டிருந்தது. உதிரி பாகங்கள் ஏற்றிப் போவதற்காக வாங்கியது.

"ஏங்க, நீங்க ஹோட்டல்ல சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான? அடுக்களைய வேன்ல ஏத்திருவோம். நானும் கூட வாரேன்."

"வெளையாடுதியா?"

"இல்ல. பின்னால எட்டடி நீளம் இருக்கு. ஒரு அடுப்பு வைக்க எடமா இல்ல?"

அன்று மாலையே எழுந்து வேனின் பின்கதவைத் திறந்து பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவராக வாசல்படி இறங்கியது அன்றைக்குத்தான்.

முதல் அடுக்களையை அவரேதான் போட்டார். பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் அவருக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் உண்டு. இரண்டு பேருமாக வலது பக்கம் மூன்று திறந்த பலகைத் தட்டு அடித்தார்கள். சாமான் விழாமல் இருக்கக் குறுக்கே ஒரு கயிறு. கீழே அவருடைய கருவிப் பெட்டி. அதன்மேல் ஒரு பலகை, அதுதான் மேடை. சின்ன கேஸ் சிலிண்டர், ஒற்றை அடுப்பு. இடது பக்கம் படுக்க ஒரு நீளப் பெஞ்சு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் கல்யாணத்துக்குக் கொடுத்த எவர்சில்வர் சம்படங்கள் பத்திலும் மளிகையைப் போட்டு வரிசையாக அடுக்கினேன். எல்லாம் ஒரே உயரம், ஒரே வட்டம். ஏதோ கொலு வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு ஆலையில் இருந்து கூப்பிட்டிருந்தார்கள். கிளம்பினோம். முன்னீர்ப்பள்ளம் தாண்டும் முன்னாலேயே முதல் சம்படம் உருண்டது. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு திருப்பத்தில் கயிறு அறுந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. வேன் போய்ச் சேர்ந்தபோது உளுந்தும் ரவையும் ஸ்பேனர்களோடு தரையில் கலந்து கிடந்தன. கருவிப் பெட்டி திறந்து கிரீஸ் டப்பா கவிழ்ந்து அரிசிப் பையில் ஒட்டியிருந்தது. அவசர அவசரமாக அள்ளி, எது எந்தச் சம்படம் என்று பார்க்காமல் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு, கஞ்சி காய்ச்சினேன்.

ஆலைக் களத்தில் நின்றால் உமித்தூள் எங்கே பறக்கவில்லை என்று கேட்க வேண்டும். ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கில் வந்தது. கஞ்சியை ஆற வைத்த பத்து நிமிஷத்தில் மேலே பழுப்பாக ஒரு படலம். அதை ஸ்பூனால் ஒதுக்கி ஒதுக்கி அவர் குடித்தார். குடித்துவிட்டு மிஷினுக்குள் தலையை விட்டார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். அவர் வெளியே வந்தார். முகமெல்லாம் வேர்வை. கை நடுங்கியது. நெல் மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்து, "ஏட்டி, வந்துட்டு" என்றார்.

நான் வேனுக்குள் ஓடினேன். சர்க்கரை. எந்தச் சம்படம்? முதலாவதைத் திறந்தேன், உப்பு. அடுத்தது கடுகு. அடுத்தது ரவை. நாலாவது மூடி இறுகிக்கொண்டு திறக்கவே இல்லை. ஐந்தாவது கையில் இருந்து வழுக்கி விழுந்து பயறு சிதறியது. வெளியே யாரோ, "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று சத்தம் போடுவது கேட்டது. என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது சர்க்கரை. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்த ஒரு பெண் மடியில் இருந்து கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டாள். அவள் தன்னுடைய காப்பிக்கு வைத்திருந்தது. நான் இறங்கி வந்தபோது அவர் அதைச் சப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அந்தப் பெண் தன் முந்தானையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீய யக்கா. பைய தெளிஞ்சிரும். எங்க மாமாவுக்கும் இப்படி வரும்" என்றாள்.

கால் மணி நேரத்தில் தெளிந்தது. அன்றைய வேலையை எப்படியோ முடித்துவிட்டுத் திரும்பினோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்தார்.

"வித்துருவோம். நம்மளால ஆகாது."

எனக்கும் உள்ளுக்குள் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் வாயால் கேட்டதும் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. அந்த நாலாவது மூடியின் மேல்.

"பத்து நாள் குடுங்க" என்றேன். "இந்தத் தடவ ஆசாரிகிட்ட நான் பேசுதேன். நீங்க பேச வேண்டாம்."

மறுநாள் வீட்டுக் கூடத்தில் சாக்பீஸால் வேனின் அளவுக்குக் கோடு போட்டேன். அதற்குள் நின்றுகொண்டு சும்மா சமைத்துப் பார்த்தேன். அடுப்பு இங்கன என்றால் தண்ணீர் எங்கே? திரும்பாமல் எடுக்க வேண்டியது எது, குனிந்து எடுத்தால் பரவாயில்லாதது எது? பால் பொங்குகிற நேரத்தில் என் வலது கை எங்கே போகிறது? இத்தனை வருஷம் சமைத்தவள், என் கை போகிற வழியை ஒரு நாளும் கவனித்ததில்லை. வாசலில் வந்து நின்ற பால்காரர் நான் வெறும் தரையில் வெறுங்கையால் கிண்டுவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பாலை வைத்துவிட்டுப் போனார்.

சம்படம் உருளாமல் இருக்க வழிதான் தெரியவில்லை. கதவு போடலாம், கதவுக்குள்ளே உருளும். அந்த யோசனையிலேயே மார்க்கெட் பக்கம் போனேன். ஒரு ஆள் சைக்கிளின் பின்னால் கோலிசோடாப் பெட்டி கட்டிக்கொண்டு போனார். சாலை முழுக்கப் பள்ளம். சைக்கிள் குதித்தது, ஆள் குதித்தார், பாட்டில்கள் கிணுகிணுவென்று சத்தம் போட்டனவே தவிர ஒன்றுகூட எழும்பவில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று இருந்த கட்டத்துக்குள் கழுத்தளவு உட்கார்ந்திருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு பட்டறைக்கு நேரே நடந்தேன்.

ஆசாரி என் கணவரைவிட வயதில் சின்னவர். என்னை மதினி என்பார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் காதில் இருந்த பென்சிலை எடுத்தார்.

"பலகைல வட்டமா ஓட்டை போடணும், அம்புட்டுதான மதினி? எல்லாம் ஒரே அளவா?"

"இல்ல. ஒவ்வொண்ணும் வேற வேற அளவு. ஒரே மாதிரி சம்படம் வேண்டாம். சர்க்கரைக்கு உள்ளது சின்னது, உப்புக்குக் கொஞ்சம் பெருசு, அரிசிக்கு எல்லாத்துலயும் பெருசு. ஒண்ணு எடத்துல இன்னொண்ணு உக்காரவே கூடாது."

"அப்ப வைக்கும்போதே தப்பு பண்ண முடியாது" என்றார். பென்சில் ஓட ஆரம்பித்துவிட்டது. மேடைக்கு அடியில் நான் கேட்ட டிராயருக்கு வழி சொன்னது அவர்தான். வண்டி திரும்பும்போது தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க அதன் அடியில் ஒரு வெட்டு வைத்தார். கொஞ்சம் தூக்கித்தான் இழுக்க வேண்டும். எவ்வளவு குலுங்கினாலும் அசையாது. பஸ்ஸில் டிரைவர் பக்கத்துப் பெட்டிக்கு அப்படித்தான் செய்வார்களாம்.

கருவிப் பெட்டி விஷயத்தில்தான் வீட்டில் சண்டை. நான் அதை வேனுக்குள் வைக்கவே கூடாது என்றேன். பின்பக்கம் தரைக்கு அடியில் இரும்பில் ஒரு பெட்டி. வெளியே இருந்துதான் திறக்க வேண்டும். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என் வண்டில எனக்கே எடம் இல்லயாக்கும்."

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இட்லியை மசித்துக் கொடுக்கும்போது சொன்னேன்: "வயித்துக்கு ஒத்துக்காதது எதுவும் உள்ள வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா? ஸ்பேனரும் ஒத்துக்காது."

சட்டென்று சிரித்துவிட்டார். தையல் போட்ட இடம் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். மறுநாள் அவரே போய் அந்த இரும்புப் பெட்டிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்.

மேடைக்கு மைக்கா ஒட்டிய பலகை. அடுப்பின் மேல் அதே பலகையில் கீல் வைத்த ஒரு மூடி. சமைத்து முடிந்ததும் மூடினால் அதுவும் மேடையாகிவிடும், காய் நறுக்கலாம். சர்க்கரைச் சம்படத்துக்கு மட்டும் பக்கக் கதவின் ஓரத்தில் தனிக் குழி. வெளியே நிற்கிற யாரும் கையை உள்ளே விட்டு எடுக்கலாம்.

உமிக்கு என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி இருந்தது. அது என் வேலை. மேடை முழுவதும் மூடுகிற மாதிரி உறை தைக்க உட்கார்ந்தேன். முதலில் பழைய வேட்டித் துணியில் தைத்து, விளிம்பில் எலாஸ்டிக் கோத்தேன். அழகாகக் கவ்விப் பிடித்தது. ஆனால் அதன்மேல் ஒரு பிடி தவிட்டைத் தூவித் தட்டிப் பார்த்தால் துணிக்கு அடியில் மெல்லிசாக இறங்கியிருந்தது. அடுத்து ரெக்சின். தவிடு இறங்கவில்லை. ஆனால் சூடு ஆறாத அடுப்பு மூடியின் மேல் ஒரு நாள் போட்டுவிட்டேன். இளகி ஒட்டிக்கொண்டு நாற்றமென்றால் நாற்றம், கதவைத் திறந்து போட்டும் போகவில்லை. மைக்காவிலும் ரூபாய் அளவுக்கு ஒரு கொப்புளம் எழும்பிவிட்டது. ஆசாரிக்குத் தெரியாமல் அதன்மேல் எப்போதும் ஒரு தட்டை வைத்துக்கொள்வேன். மூன்றாவதாகக் கூடாரத்துக்குப் போடுகிற கெட்டித் துணி வாங்கினேன். என் தையல் மிஷினில் மூன்று ஊசி உடைந்தது. உள்பக்கம் வெள்ளைப் பருத்தி வைத்து, அடுப்புக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று, தண்ணீர்ப் பானைக்கு ஒன்று, ஆறவைத்த கஞ்சிக்கு எலுமிச்சம்பழ நிறத்தில் சின்னதாக ஒன்று. அந்தக் கடைசியை மட்டும் தேவையில்லாமல் பூப்போட்டுத் தைத்தேன்.

பத்து நாள் பதினாறு நாளாகிவிட்டது. அவர் கணக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை வீரவநல்லூருக்குப் போனோம். திருப்பங்களில் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் லேசாகக் கிணுகிணு என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவரும் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினார்.

"உன் மிஷின் நல்லா ஓடுது" என்றார்.

ஆலைக் களத்தில் வண்டியை நிறுத்தினோம். காலை எட்டுக்கு இட்லி, பத்துக்குப் பாசிப்பயறுக் கஞ்சி, பன்னிரண்டுக்குக் குழைந்த சோறும் மோரும், இரண்டுக்கு இடியாப்பம். உறையைத் தூக்கினால் உள்ளே வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். மிஷின் சத்தத்துக்கு நடுவே என் குரல் கேட்காது என்பதால் ஒரு கரண்டியால் வேனின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். மூன்றாம் நாள் அந்த வேர்வை மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அவர் யாரையும் கூப்பிடவில்லை. தானே நடந்து வந்து, பக்கக் கதவுக்குள் கையை விட்டு, சர்க்கரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, படியில் உட்கார்ந்தார். நான் உள்ளே மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். மூடி திறக்கிற சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல. நீ உன் வேலையப் பாரு" என்றார்.

நான் உறையின் விளிம்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தேன்.

ஒவ்வொரு ஆலையிலும் மூட்டை நிறுக்கிற தராசு உண்டு. வேலை முடிந்து கிளம்பும்போது அதில் ஏறி நிற்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. சுமை தூக்குகிறவர்கள் கல் வைத்துப் பார்த்து, "அண்ணாச்சி அரைக் கிலோ ஏறிட்டாவ லே" என்று சத்தம் போடுவார்கள். பங்குனி முடிவதற்குள் நான்கு கிலோ ஏறியிருந்தார். கல்லிடைக்குறிச்சி ஆலைக்கும் மறுபடி போனோம். கருப்பட்டி கொடுத்த பெண்ணைத் தேடினேன், களத்தில்தான் இருந்தாள். வேனுக்குள் ஏறிப் பார்த்தாள். டிராயரைத் தூக்கி இழுத்தாள், மூடினாள், மறுபடி இழுத்தாள். "எங்க வீட்டுல உறிதான் யக்கா" என்று சிரித்தாள். போகும்போது கஞ்சிக்குத் தைத்த மாதிரி ஒரு சின்ன உறை கேட்டாள். அடுத்த தடவை இரண்டு தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கப்புறம் ஆலை முதலாளியின் மனைவி கேட்டார், பக்கத்து ஆலைக் காவலாளியின் மகள் கேட்டாள். ஜாக்கெட் தைப்பது குறைந்து உறை தைப்பது கூடிவிட்டது.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் வேலை மத்தியானத்தோடு முடிந்துவிட்டது. அவர் வீட்டுப் பக்கம் திருப்பாமல் மணிமுத்தாறுப் பக்கம் திருப்பினார்.

"எங்க போறீய? அங்க ஏது ஆலை?"

"ஆலை இல்ல. சும்மாதான்."

இருபது வருஷம் அந்தப் பக்கமெல்லாம் சுற்றியவர், அணையை நின்று பார்த்ததில்லையாம். அணைக்குக் கீழே ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. உமி இல்லை, சத்தம் இல்லை. எல்லா உறையையும் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பின்கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்து, மிளகாய் போடாமல் தேங்காய்ப்பால் சொதி வைத்தேன். இடியாப்பத்தில் ஊற்றிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டை நீட்டினார்.

"இன்னும் ஒண்ணு வை."

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் இன்னொன்று கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் சொன்ன அளவு எனக்குத் தெரியும். பாதி வைத்தேன்.

ஆவணியில் பட்டறை ஆசாரி ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். யாத்திரை பஸ் விடுகிறவர். காசி வரைக்கும் போய்வர இருபது நாள். சமையல்காரரைக் கூடவே கூட்டிப் போவார்கள். வழியெல்லாம் பாத்திரம் உருள்கிறதாம், பாதி மளிகை கொட்டிவிடுகிறதாம். வேனைப் பார்த்துவிட்டு என் கணவரிடம், "அண்ணாச்சி, எங்க பஸ்ஸுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுத் தாரீயளா?" என்று கேட்டார்.

என் கணவர் என் பக்கம் கையைக் காட்டினார். "இது அவ போட்டது. அவகிட்டக் கேளும்."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். எட்டடி வேன் வேறு, ஐம்பது பேருக்குச் சமைக்கிற பஸ் வேறு. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். "சமையல்காரரை நான் பாக்கணும்" என்று வந்தது.

மறுநாள் தையல் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு, டவுன் பஸ் ஏறிப் பட்டறைக்குப் போனேன். இருக்கை எல்லாம் கழற்றிய பெரிய பஸ் ஒன்று நின்றது. உள்ளே காலடிச் சத்தம் எதிரொலித்தது. சமையல்காரர் ஓரமாக நின்றார். ஒரு பெண்பிள்ளை அளவெடுக்க வந்திருக்கிறாளே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. சாக்பீஸால் தரையில் அடுப்பு, அண்டா, பலகை என்று கோடு போட்டுவிட்டு அவரை நடுவில் நிற்கச் சொன்னேன்.

"சாம்பார் கொதிக்குதுன்னு வச்சுக்கோங்க. கிண்டுங்க."

கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு கையை உயர்த்தி, இல்லாத கரண்டியால் இல்லாத அண்டாவைக் கிண்டினார். இடது கையால்.

"நீங்க எடது கைப் பழக்கமா?"

"ஆமாம்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

நான் குனிந்து, போட்ட கோட்டை எல்லாம் முந்தானையால் அழித்துவிட்டு, மறுபக்கத்தில் இருந்து வரைய ஆரம்பித்தேன்.